மூன்றாம் நாள் டிஸ்சார்ஜுக்குப் பிறகு: ஆளுமைக் கோளாறுகள் குறித்து எங்கள் நிலைப்பாடு

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் மனநலப் பணி செய்துவரும் எங்களிடம் பள்ளி ஆசிரியர்களும் அங்கன்வாடி ஊழியர்களும் மகளிர் குழுவினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. சின்னச் சண்டைக்கெல்லாம் கையை அறுத்துக்கொள்கிற, கோபத்தில் பூச்சிமருந்தை எடுத்துக் குடித்துவிடுகிற பிள்ளைக்கு இருப்பது நோயா, திமிரா? திமிர் இல்லை என்பதே எங்கள் பதில். பலருக்கு அது ஒரு நெருக்கடியின் விளைவு. சிலருக்கு ஆளுமைக் கோளாறின் அடையாளம். இரண்டுக்குமே சிகிச்சை உண்டு. அந்தச் சிகிச்சையின் முக்கியமான பகுதி மாத்திரையில் இல்லை என்பதால்தான் இந்த அறிக்கை.

எங்களிடம் வரும் குடும்பங்கள் எடுத்துவரும் டிஸ்சார்ஜ் சீட்டுகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். இரவில் வீட்டில் சண்டை. செல்போனைப் பிடுங்கியிருப்பார்கள், அல்லது மாமியார் ஏதோ சொல்லியிருப்பார். 108 வந்து ஏற்றிக்கொண்டு போகும். மூக்கில் குழாய், கையில் டிரிப்ஸ், வாசலில் ஒரு போலீஸ்காரர். மூன்றாம் நாள் வீடு. சீட்டின் அடியில், வயிற்றுப்புண் மாத்திரைக்கும் சத்து மாத்திரைக்கும் கீழே, ‘மனநலப் பிரிவில் காட்டவும்’ என்று ஒரு வரி. அதை யாரும் வாசித்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். சில மாதங்களில் அதே வீட்டிலிருந்து இன்னொரு சீட்டு வரும். இரண்டாம் முறை போகும்போது வார்டில் கிடைக்கும் வரவேற்பு: “மறுபடியும் வந்துட்டியா?”

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் இந்தியாவின் தற்கொலை விகிதம் லட்சம் பேருக்கு 12.4. புதுச்சேரியில் 29.7. இவ்வளவுக்கும் ஆளுமைக் கோளாறே காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. கடன், குடி, குடும்ப வன்முறை, நீண்டகால நோய் எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஒருமுறை முயன்றவர்தான் மறுமுறையும் முயலும் ஆபத்தில் அதிகம் இருப்பவர். அவர் மூன்று நாள் மருத்துவமனையிலேயே இருந்தார். அந்த மூன்று நாளை வீணடிப்பது நாம்தான்.

ஆளுமைக் கோளாறு ஒரு நாளில் வந்து ஒரு நாளில் போவதில்லை. தன்னைப் பற்றிய எண்ணமும் பிறரோடு பழகும் விதமும் வளரும் பருவத்திலிருந்தே தடம் மாறி, ஆண்டுக்கணக்கில் அப்படியே நின்றுவிடுவது அது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆம் நோய் வகைப்பாடு, பழைய வகைப்பெயர்கள் பெரும்பாலானவற்றைக் கைவிட்டு, லேசானது, மிதமானது, கடுமையானது என்று அளவைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறது. இதை நாங்கள் வரவேற்கிறோம். தனியாகக் குறிப்பிட இடம் வைத்திருப்பது எல்லைநிலை வடிவத்துக்கு. நாங்கள் அதிகம் பார்ப்பதும் அதைத்தான்: விட்டுப் போய்விடுவார்களோ என்ற ஓயாத பயம், காலையில் தெய்வமாகத் தெரிந்தவர் மாலையில் எதிரியாகத் தெரிவது, உள்ளே எதுவுமே இல்லாதது போன்ற வெறுமை, அதைத் தாங்க முடியாமல் உடம்பைக் காயப்படுத்திக்கொள்வது. சித்திரை வெயிலிலும் முழுக்கை சட்டையோடு வரும் பிள்ளையை ஆசிரியர்கள் அதட்டாமல் தனியே கூப்பிட்டுப் பேசினாலே பாதி வேலை நடந்துவிடும்.

இருமுனைக் கோளாறோடு இதைக் குழப்பிக்கொள்வதும் நடக்கிறது. அதில் மனநிலை நாள்கணக்கில், வாரக்கணக்கில் நிற்கும்; இதில் மணிக்கணக்கில் மாறும். மனச்சோர்வும் குடியும் இதோடு சேர்ந்தே வரலாம். சாராயக்கடை பக்கத்திலேயே இருக்கிற ஊர்களில், குடி தெளியாத ஒருவரின் நடத்தையை வைத்து ‘இவர் ஆளுமையே இப்படி’ என்று முடிவு கட்டக் கூடாது.

பெயர் வைக்கும் அவசரத்தை நாங்கள் எதிர்க்கிறோம். பத்து நிமிட ஓ.பி. சந்திப்பில் இந்த நோய்ப்பெயரை எழுதக் கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழே இன்னும் கவனம் வேண்டும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவும், ஊர் ஒழுக்கத்துக்கு ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி ஆக்கக் கூடாது என்கிறது. வேறு சாதிப் பையனைக் காதலிக்கும் பெண்ணை எங்களிடம் அழைத்துவந்து “மனசு சரியில்லை, எழுதிக் கொடுங்க” என்பவர்களுக்கு நாங்கள் காட்டுவது இந்தப் பிரிவைத்தான். யூடியூபைப் பார்த்துவிட்டு மாமியாரை ‘நார்சிசிஸ்ட்’ என்பதும் இதே ரகம்தான், கேட்க நாகரிகமாக இருக்கிறது, அவ்வளவுதான். விவாகரத்து வழக்குக்குச் சான்று தேடி வருபவர்களுக்கும் எங்களிடம் ஏமாற்றமே மிஞ்சும்.

குணமாகுமா? அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் மேரி சனரீனியும் குழுவினரும் எல்லைநிலைக் கோளாறுள்ள 290 பேரைப் பத்து ஆண்டு தொடர்ந்து கவனித்து 2010-இல் வெளியிட்ட முடிவு இது: 93 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் குறைந்து, அந்த நிலை இரண்டு ஆண்டாவது நீடித்தது. வேலையும் உறவும் சேர்ந்து நிலைபெற்ற முழு மீட்சி பாதிப் பேருக்குத்தான் கிடைத்தது. முதல் எண்ணை நோயாளிகளுக்கும், இரண்டாவது எண்ணை அரசுக்கும் சொல்ல விரும்புகிறோம். இதற்கான பேச்சுச் சிகிச்சைகளில் முன்னோடியான ஒன்றை உருவாக்கிய உளவியலாளர் மார்ஷா லினேஹான், இளமையில் தானே தன்னைக் காயப்படுத்திக்கொண்டு மருத்துவமனையில் கிடந்தவர் என்பதை 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய முறையில் மந்திரம் எதுவும் இல்லை. வாரம் ஒருமுறை அதே ஆளோடு பேச்சு, குழுவாக ஒரு பயிற்சி வகுப்பு, மனம் கொதிக்கும்போது அந்தக் கொதிப்பு அடங்கும்வரை எதுவும் செய்யாமல் கடக்கப் பழகுவது. எங்கள் ஊருக்கு இதில் எதைக் கழித்தாலும் ‘அதே ஆள்’ என்பதைக் கழிக்கக் கூடாது.

எங்கள் பகுதியில் மருத்துவக் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. பாகூர் பக்கம் பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும், வில்லியனூர் பக்கம் அரியூரிலும் இருக்கின்றன. கோரிமேட்டில் ஜிப்மர். எல்லாவற்றிலும் மனநலத் துறை உண்டு. கிடைக்காதது நாற்பது நிமிடம் உட்கார்ந்து பேச ஓர் ஆள். பயிற்சி மருத்துவர்கள் சுழற்சியில் மாறுவதால், ஒவ்வொரு முறையும் தன் கதையைப் புதிதாக ஒருவரிடம் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். விட்டுவிடுவார்களோ என்று பயப்படுவதே நோயாக உள்ளவருக்கு நாம் தரும் சிகிச்சை இப்படி இருக்கிறது.

ஆகவே வில்லியனூர், பாகூர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரம் ஒரு குறிப்பிட்ட நாள், குறைந்தது ஓராண்டுக்கு மாறாத ஓர் உளவியலாளரை அமர்த்த வேண்டும் என்று சுகாதாரத் துறையைக் கேட்கிறோம். தற்கொலைக்கு முயன்று சேர்க்கப்பட்ட எவரையும் மனநலப் பிரிவினர் படுக்கையருகே வந்து பார்க்காமல் டிஸ்சார்ஜ் செய்யக் கூடாது. தூக்க மாத்திரையை ஒரு மாதத்துக்கு மொத்தமாகக் கையில் கொடுப்பதை நிறுத்த வேண்டும். காவல்துறை கவனிக்க: மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவின்படி, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 309-ஆம் பிரிவு 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. வாசலில் நிற்கும் போலீஸ்காரரைப் பார்த்துப் பயந்து ‘தெரியாமல் குடித்துவிட்டாள்’ என்று குடும்பம் சொல்லும்போது, மருத்துவருக்கும் உண்மை தெரியாமல் போகிறது.

குடும்பங்களுக்குச் சில வார்த்தை. கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்பது சிகிச்சையே இல்லை, இன்னொரு வீட்டையும் சேர்த்து இழுத்துவிடுவது. கோயிலுக்கும் மாதா கோயிலுக்கும் போவதை நாங்கள் தடுப்பதில்லை. கட்டிப்போடுவதைத் தடுப்போம், சட்டமும் தடுக்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியவில்லை. வயல் மருந்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள். ஊருக்குப் பொதுவான பூட்டுப் பெட்டகத்தில் வைக்கும் முறையைப் பக்கத்துக் கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் சென்னை ‘ஸ்நேகா’ அமைப்பினர் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். பாகூர் ஏரிப் பாசன ஊர்களில் இதைத் தொடங்க விவசாயிகள் சங்கங்களோடு உட்கார நாங்கள் தயார்.

நள்ளிரவில் உதவி தேவைப்பட்டால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை அழையுங்கள். கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம்.