இறால் ஆகாத பிள்ளை ஏரியில் நீந்தினால்...

கோடை விடுமுறை வந்தால் பழவேற்காடு ஏரியில் பிள்ளைகள் கும்மாளந்தான். அந்தக் கூட்டத்தில் ஒரு பிள்ளைக்கு இறால் ஒத்துக்கொள்ளாது என்றால், அதன் பாடு திண்டாட்டம். வலையில் இறால், கூடையில் இறால், குழம்பிலும் இறால்!

"தின்னத் தின்னப் பழகிவிடும்" என்பார்கள் பெரியவர்கள். ஆபத்தான பேச்சு! பிரெஞ்சு விஞ்ஞானி சார்லஸ் ரிஷே கடல் அனிமோனின் விஷத்தை நாய்க்குக் கொஞ்சம் செலுத்தினார். பிழைத்துக்கொண்டது. சில வாரம் கழித்து மறுபடி கொஞ்சம் செலுத்தினார். நாய் செத்தது! 1913-ல் அவருக்கு நோபல் பரிசு.

இறாலை எவ்வளவு வேகவைத்தாலும் அலர்ஜி தரும் புரதம் கெடாது. நண்டும் அப்படியே. கொதிக்கும் ஆவிகூடச் சிலருக்கு மூச்சை அடைக்கும்.

தண்ணீரில் இன்னொரு சங்கடம். பிள்ளை மூச்சுத் திணறினால், "தண்ணீர் குடித்துவிட்டான்" என்று கூட்டாளிகள் சிரிப்பார்கள். உடம்பில் எழும் தடிப்பு கண்ணில் படாது. சிலருக்குச் சாப்பிட்ட கையோடு நீந்தினால்தான் வினையே வருகிறது. ஆகவே, சாப்பிட்டபின் சில மணி நேரம் கரையில் இருக்கட்டும். கூடப் போகும் அண்ணன்மாரிடம் விஷயத்தைச் சொல்லாமல் அனுப்புவது பெற்றோர் செய்யும் தவறு.

மூச்சு இரைத்தாலோ, மயங்கினாலோ தொடையில் அட்ரினலின் ஊசி போடவேண்டும். அரிப்பு மாத்திரை மட்டும் போதாது. பிள்ளையை நடத்திக் கூட்டிப்போகவும் கூடாது. 108-ஐ அழைத்தாலும் வண்டி வந்து சேர நேரம் ஆகும். அந்த ஊசி மருந்தும், அதைப் போடத் தெரிந்த ஒரு நர்சும் ஏரிக்கரையிலேயே இருக்கவேண்டும்.