பாட்டு ஊரறிந்தது, குழு யாரறிவார்?

ஜோன் ஜெட் பாடிய 'ஐ லவ் ராக் அன் ரோல்' 1982இல் அமெரிக்காவில் 7 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதை எழுதி, 1975இலேயே லண்டனில் பதிவுசெய்தவர்கள் 'ஆரோஸ்' என்ற கிளாம்-பாப் குழுவின் ஆலன் மெரிலும் ஜேக் ஹூக்கரும். நல்ல பாட்டு தானாகவே மேலே வரும் என்பார்கள், வராது. இசைத்தட்டு நிறுவனம் முதலில் இதைத் தட்டின் பின்பக்கத்தில்தான் வைத்தது. 1976இல் கிரனாடா தொலைக்காட்சி இவர்களுக்கென்றே ஒரு நிகழ்ச்சியை நடத்தியது. இசைத்தட்டு நிறுவனத்துக்கும் குழுவின் மேலாளர்களுக்கும் இருந்த தகராறில், அந்த மாதங்களில் புதிய இசைத்தட்டு எதுவும் கடைக்கு வரவில்லை. பார்த்தவர்கள் எதை வாங்குவார்கள்?

பிரிட்டனில் 8ஆம் இடம் பிடித்த இவர்களின் 'டச் டூ மச்' பிறர் எழுதிக் கொடுத்ததுதானே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் ஜெட் தேடிப் பிடித்தது அந்தப் பாட்டையல்ல; அதே தொலைக்காட்சியில் இவர்கள் பாடக் கேட்ட, இவர்களே எழுதிய பாட்டை. திறமை குறைந்து வீழ்ந்த குழு அல்ல இது. 'ஐ லவ் ராக் அன் ரோல்' கேட்கும்போது மெரில், ஹூக்கர் பெயர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.