கலர் கம்மியா? கணக்கு தப்பு சார்!

போன மாசம் எங்க அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜி, சொஜ்ஜி, காபி எல்லாம் ஆச்சு. ரெண்டு நாள் கழித்து தரகர் மூலமாகப் பதில் வந்தது. "பொண்ணு நல்ல பொண்ணுதான், கலர்தான் கொஞ்சம் கம்மி." அக்கா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

நான் அக்காவை விட நல்ல சிவப்பு. ஒரே அப்பா, ஒரே அம்மா. அப்புறம் எப்படி இந்த வித்தியாசம்? நான் பி.காம். படிக்கிறவன், பயாலஜிக்குப் பத்தாவதோடு டாட்டா சொன்னவன். இருந்தாலும் கோபத்தில் தேடிப் படித்தேன்.

மனிதன் தோன்றியது ஆப்பிரிக்காவில். அங்கே அடிக்கிற வெயிலுக்குக் கறுப்புத் தோல்தான் குடை. வெயில் குறைந்த வடக்கே போனவர்களுக்கு, தோல் வெளுத்தால் வைட்டமின் டி கிடைப்பது சுலபம். அதனால் அங்கே வெளுப்பு பரவியது.

2005-ல் வரிக்குதிரை மீனை வைத்து எஸ்.எல்.சி.24ஏ5 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதில் ஒரே ஒரு எழுத்து மாறினால் தோல் நிறம் குறைகிறது. ஐரோப்பியர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இந்த மாற்றம் உண்டு. நம்ம நாட்டிலும் நிறைய பேருக்கு உண்டு. ரெண்டும் ஒரே மூதாதையரிடமிருந்து வந்தவைதான் என்று 2013-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. நிறத்தைத் தீர்மானிக்க இன்னும் பல மரபணுக்கள் இருக்கின்றன. அப்பா அம்மாவிடமிருந்து எது யாருக்கு வரும் என்பது சீட்டுக் குலுக்கல் மாதிரி. எனக்கு ஒன்று விழுந்தது, அக்காவுக்கு வேறொன்று. இதில் யாருடைய திறமை என்ன இருக்கிறது?

இன்னொரு விஷயம். இங்கிலாந்தில் செடார் என்ற ஊர்ப் பக்கம் ஒரு குகையில் 1903-ல் கிடைத்த எலும்புக்கூட்டுக்கு வயசு சுமார் 10,000 வருஷம். 2018-ல் அதன் டி.என்.ஏ.வைப் பார்த்தவர்கள் சொன்னது: கண் நீலம், தோல் பெரும்பாலும் கறுப்பு! வெள்ளைக்காரன் ஊரிலேயே கதை இப்படி.

இப்போது நம்ம அக்கவுண்ட்ஸுக்கு வருவோம். தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின். அது அக்காவிடம் அதிகம், என்னிடம் குறைவு. அப்படியானால் "கலர் கம்மி" யாருக்கு? எனக்குத்தானே! இத்தனை நாளும் பற்றையும் வரவையும் மாற்றி எழுதிக்கொண்டு இருக்கிறோம்.

உண்மையைச் சொல்கிறேன். கிளாஸில் "கருவாச்சி" என்று யாராவது கிண்டல் செய்தபோது நானும் சிரித்திருக்கிறேன். அக்கா சாப்பிடாத அந்த ராத்திரிக்கு அப்புறம் சிரிப்பு வரவில்லை. நீங்களும் நிறுத்திவிடுங்கள் நண்பர்களே.