சூசையப்பர் மகனுக்கு எந்தச் சாதியைக் கொடுத்தார்?

வெள்ளிக்கிழமை மாலை ஒரு தியான இல்லத்தில் கூட வேண்டும். ஞாயிறு மதியத் திருப்பலியோடு கலைய வேண்டும். வருவது அப்பாவும் பதின்வயது மகனும் மட்டும். அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ அங்கே வேலையில்லை. கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அமெரிக்கக் கத்தோலிக்கப் பங்குகளில் வெகுநாளாக இருக்கும் இந்தத் தந்தை–மகன் தியானம் இப்போது நம் பக்கமும் காதில் விழுகிறது. கடலூரில் நான் அண்ணன் என்று அழைக்கும் ஒருவர், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகனோடு அப்படி ஒன்றுக்குப் போய்வந்தார். அவர் தலித் கத்தோலிக்கர்.

தியானம் நன்றாக இருந்தது என்றார். மகன் முகம் பார்த்துப் பேசியே இரண்டு வருடம் ஆகிவிட்டதாம். அங்கே சனிக்கிழமை ராத்திரி பேசியிருக்கிறான். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. விடியுமுன் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்பும் ஓர் ஆளுக்கு, மகனோடு சும்மா உட்கார இரண்டு நாள் கிடைப்பது பெரிய விஷயம். குடி, கைபேசி, ஆபாசப்படம், பெண்களை மதிப்பது, படிப்பு, செபம் என்று எல்லாம் பேசியிருக்கிறார்கள். "சாதியப் பத்தி ஏதாவது பேசுனாங்களாண்ணே?" என்று கேட்டேன். "அத எதுக்கு தம்பி அங்க பேசப் போறாங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

நியாயமான கேள்விதான். ஆனால் தமிழ்ச் சமூகத்தில் ஒரு தந்தை தன் மகனுக்குத் தவறாமல் கொடுத்துவிட்டுப் போவது எது? நிலம் எல்லோருக்கும் இல்லை. தொழில் மாறிவிட்டது. பக்தியைப் பெரும்பாலும் அம்மாதான் கொடுக்கிறாள். சாதியை அப்பா கொடுக்கிறார். பள்ளிச் சான்றிதழில் அவர் சாதிதான் ஏறுகிறது. யாரைக் கட்டலாம், யாரைக் கட்டக்கூடாது, தங்கை யாரோடு பேசினால் கேட்க வேண்டும் என்ற பாடமும் அவரிடமிருந்து மகனுக்கு வருகிறது. பல வீடுகளில் இது வாய்விட்டுச் சொல்லப்படுவதேயில்லை, ஒரு முறைப்பிலேயே முடிந்துவிடும். சாதியின் உயிர்நிலை அகமணமுறை என்று அம்பேத்கர் 1916-இலேயே விளக்கினார். அந்த அகமணத்துக்குக் காவல்காரனைப் பழக்கும் வயது பதின்மூன்றிலிருந்து பதினெட்டு. தியானம் அழைப்பது அதே வயதுப் பையன்களை.

இந்தத் தியானங்களின் நாயகர் புனித சூசையப்பர் என்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. போப் பிரான்சிஸ் 2020 டிசம்பரில் தொடங்கி ஓராண்டை யோசேப்பு ஆண்டாக அறிவித்து, அவருடைய தந்தைமையைப் பற்றித் தனி மடலே எழுதினார். அதன்பின் தந்தையர் கூட்டம் எங்கே நடந்தாலும் அவர்தான் எடுத்துக்காட்டு: உழைப்பாளி, அமைதியானவர், கீழ்ப்படிந்தவர். இவ்வளவும் சொல்பவர்கள் அவர் செய்த முதல் காரியத்தை மட்டும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். தனக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் கருவுற்றிருக்கிறாள், குழந்தை தன்னுடையது இல்லை. ஊர் வழக்கப்படி அவளை அம்பலப்படுத்தியிருக்கலாம். அவர் அவளை ஏற்றார், பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்தார். மத்தேயு நற்செய்தி ஆபிரகாமில் தொடங்கி அப்பன் பெயர், மகன் பெயர் என்று நீட்டிக்கொண்டே வரும். யோசேப்பு வந்ததும் அந்த ஓட்டம் நின்றுவிடுகிறது. அவர் மரியாளின் கணவர் என்று மட்டும்தான் இருக்கிறது. இரத்தவழியில் வராத மகனைக் கொண்டுதான் அந்த வம்சாவளி முடிகிறது.

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு சூசையப்பர் அயலாரும் இல்லை. விருத்தாசலம் பக்கம் கோணாங்குப்பத்தில் பெரியநாயகி மாதா கோயிலைக் கட்டிய வீரமாமுனிவர், அவரை 'வளன்' என்ற பெயரில் காப்பிய நாயகனாக்கி 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடினார். தச்சரை நாயகனாக வைத்துத் தமிழில் ஒரு பெருங்காப்பியம்! அங்கேயும் தாவீதின் அரச குலப் பெருமைக்கு இடம் கொடுத்தே அவரை நிறுத்தியிருக்கிறார் என்பது வேறு கதை.

கத்தோலிக்கர் அல்லாத தோழர்கள் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். திருச்சபைச் சட்டத்தில் திருமணத்துக்கான தடைகள் வரிசையாக இருக்கின்றன. நெருங்கிய இரத்த உறவு அதில் ஒன்று. அத்தை மகள், மாமன் மகள், அக்கா மகள் எல்லாரும் அந்தத் தடைக்குள் வருகிறார்கள். முறைப்பெண்ணைக் கட்ட நினைக்கும் கத்தோலிக்கர், பங்குச் சாமியார் மூலம் ஆயரகத்துக்கு மனுப்போட்டு விதிவிலக்கு வாங்க வேண்டும். தடைகளின் பட்டியலில் சாதி கிடையாது. ஒரு வன்னியக் கத்தோலிக்கப் பெண்ணும் தலித் கத்தோலிக்கப் பையனும் கல்யாணம் செய்துகொள்ள ரோமாபுரியின் சட்டப்படி யாரிடமும் தனி அனுமதி கேட்க வேண்டியதில்லை. கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். சாதியைத் தடையாகச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

நடப்பில் இது தலைகீழ். சட்டம் தடுத்ததற்கு விதிவிலக்கு வாங்கி ஊர் கூடி விருந்து வைக்கிறார்கள். சட்டம் தடுக்காததற்கு வீட்டில் விளக்குமாறு, கட்டை, விஷம். முறைப்பெண் திருமணத்துக்கு அனுமதி எழுதிக் கொடுக்கும் மேசையில், சாதி மீறிய திருமணத்துக்கு இங்கே தடையில்லை என்று அச்சடித்த ஒரு துண்டுத்தாளாவது இருக்க வேண்டாமா?

விஷம் என்ற சொல்லை அலங்காரத்துக்குப் போடவில்லை. அதே விருத்தாசலம் வட்டாரத்தில்தான் புதுக்கூரைப்பேட்டை இருக்கிறது. முருகேசன் தலித், வேதிப்பொறியியல் படித்தவர். கண்ணகி வன்னியர். இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். 2003 ஜூலையில் இருவரையும் பிடித்து ஊர் பார்க்க விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். கடலூர் நீதிமன்றம் 18 ஆண்டுகள் கழித்து, 2021 செப்டம்பரில் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கு, அப்பாவுக்கு ஆயுள். உயர்நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. ஓர் அப்பாவும் அவருடைய மகனும் ஒரே வழக்கில், ஒரே குற்றத்துக்காக, ஒரே தீர்ப்பில். தந்தைக்கும் மகனுக்குமான நெருக்கம் என்று நாம் பேசும்போது இந்த நெருக்கத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அவர்கள் இந்துக்கள், எங்கள் சபையில் அப்படி நடக்காது என்று சொல்வார்கள். கேரளத்தில் 2018-இல் கொல்லப்பட்ட கெவின் ஜோசப் தலித் கிறித்தவர். அவரைக் கடத்திப் போனவர்களில் நீனுவின் அண்ணனும் இருந்தார். அவரோடு சேர்த்து 10 பேருக்கு நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது.

இப்போது அந்தத் தியான மண்டபத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். வரிசையாக அப்பா மகன், அப்பா மகன் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வரிசையில் சாதிக் கிறித்தவர், இன்னொன்றில் தலித். "காதல் கீதல்னு போயிடாதே" என்று இரண்டு அப்பாக்களும் தம் மகனிடம் சொல்லத்தான் போகிறார்கள். முதலாமவர் கௌரவம் போய்விடும் என்று சொல்கிறார். இரண்டாமவர் உயிர் போய்விடும் என்று சொல்கிறார். வார்த்தை ஒன்றாக இருப்பதால் இருவருக்கும் ஒரே மறையுரையை ஆற்றிவிடலாம் என்று நினைப்பது பெரிய பிழை. "சுத்தமாக இரு, பெரியவர்கள் சொல் கேள்" என்ற உபதேசம் முதல் மகனின் கையில் ஆயுதமாகிறது; இரண்டாம் மகனுக்கு ஏற்கெனவே இருக்கும் பயத்தின் மேல் குற்றவுணர்வையும் ஏற்றுகிறது.

கடலூர் அண்ணன் தன் மகனுக்குச் சொல்ல வேண்டிய இன்னொரு பாடமும் இருக்கிறது. அதுவும் இந்த வயதில்தான் வரும். மேல்படிப்புக்குச் சாதிச் சான்றிதழ் எடுக்க வேண்டும். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்பதை முதலில் இந்துக்களோடு நிறுத்தியது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தது. கிறித்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியேதான். சேர்க்கலாம் என்று 2007-இலேயே ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தும் பயனில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. ஆகவே பல வீடுகளில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று. கோயிலில் கிறித்தவன், தாலுகா அலுவலகத்தில் இந்து. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் இதை அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றே எழுதியது. "பொய் சொல்லாதே" என்று தியானத்தில் கற்றுக்கொண்ட பையனுக்கு, திங்கட்கிழமை அப்பா எந்தப் பெயரை எங்கே சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த அவமானத்தை அவர்கள் எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பார்கள்? இதற்கல்லவா ஒரு தியானம் வேண்டும்!

புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்துக்கு இது புதுச்செய்தி அல்ல. புதுச்சேரிக் கோயிலுக்குள் தலித்துகளைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றியும், அதை அவர்கள் கேள்வி கேட்டதைப் பற்றியும், சுவர் இடிந்தபோது சாதிக் கிறித்தவர்கள் கொதித்ததைப் பற்றியும் ஆனந்தரங்கப் பிள்ளை 1745-ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். இதே மறைமாவட்டத்து எறையூரில் 2008 மார்ச்சில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப்பங்கு கேட்டபோது அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை சுட்டதில் வன்னியக் கிறித்தவர் இருவர் இறந்தார்கள். 2022-இல் புதிய பேராயர் வந்தபோது, ஏன் இந்த முறையும் ஒரு தலித் இல்லை என்று தெருவில் நின்று கேட்டார்கள். நான் இதை எழுதும் சிதம்பரத்தில், நந்தன் நுழைந்ததாக நம்பப்படும் தெற்கு வாயிலைத் திறக்கச் சொல்லும் போராட்டம் பல ஆண்டுகளாக இருக்கிறது. தில்லைச் சுவரைப் பார்த்துக் கோபப்படும் நமக்கு மாதா கோயில் சுவர் கண்ணில் படாமல் போய்விடக்கூடாது.

இதற்கெல்லாம் ஏன் மெனக்கெட வேண்டும், மதத்தை விட்டு வெளியே வரச் சொல்லலாமே என்று இளம் தோழர்கள் சிலர் கேட்பார்கள். இந்தியக் கத்தோலிக்கர் 1.9 கோடிப் பேரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்பது ஆயர் பேரவை வெளியிட்ட கணக்கு. இவ்வளவு பேரை அவர்கள் இருக்கும் இடத்தில் விட்டுவிட்டு எந்தச் சாதி ஒழிப்பு? இரண்டு நாள் முழுக்க அப்பாவையும் மகனையும் பக்கத்தில் உட்காரவைத்து, கைபேசியையும் பிடுங்கிவைத்து, மனம்விட்டுப் பேச வைக்கும் ஆற்றல் நம் இயக்கங்களில் எதற்கு இருக்கிறது? கறுப்புச் சட்டை போட்ட அப்பாக்களும் தங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் சாதியை மட்டும் எடுத்துவிட்டு சம்பந்தத்தை அதே சாதியில் முடிப்பதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தியானத்தில் சனிக்கிழமை மாலை ஒப்புரவுக்குமுன் மனசாட்சி ஆய்வுக்கு ஒரு தாள் கொடுப்பது வழக்கம். அதில் செபம், குடி, கோபம் எல்லாவற்றுக்கும் கேள்வி இருக்கும். அதே தாளில் சிலவற்றைச் சேர்க்கட்டும். உன் மகனிடம் நம்ம ஆளு என்று யாரைச் சொல்லியிருக்கிறாய்? உன் ஊர்க் கல்லறையில் யாருக்கு எந்தப் பக்கம், ஏன் என்று அவன் கேட்டபோது என்ன பதில் சொன்னாய்? அக்காவோ தங்கையோ வேறு சாதியில் ஒருவரைக் கொண்டுவந்தால் நீ என்ன செய்வாய் என்று மகனிடம் கேட்டிருக்கிறாயா? இந்தக் கேள்விகளை அப்பாக்களே மகன்களுக்கு வாசித்துக் காட்டட்டும். ஞாயிறு காலை ஓர் அமர்வுக்கு அம்மாக்களையும் மகள்களையும் அழைத்து, அவர்கள் பதிலையும் கேட்கட்டும். சாதிப் பாகுபாடு பாவம் என்று ஒப்புக்கொண்டு இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டுவிட்டது. தியானம் நடத்தும் குருவானவர் இதற்காக மேலிடத்தில் புதிதாக எந்த அனுமதியும் வாங்க வேண்டியதில்லை.