ஐந்தாண்டுப் பொறுப்பு போதுமா?

தில்லி முகர்ஜி நகரில், அரசு அமைப்பான தில்லி வளர்ச்சி ஆணையம் கட்டி விற்ற 'சிக்னேச்சர் வியூ' குடியிருப்பின் 336 வீடுகளையும் இடிக்க 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. அரசு கட்டிய வீடென்று நம்பி வாங்கியவர்கள், குடியேறிய பதினைந்து ஆண்டுகளுக்குள் வெளியேறும் நிலை.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, கட்டுமானக் குறைகளுக்குக் கட்டியவரின் பொறுப்பு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுகள் மட்டுமே. வீட்டுக் கடனோ இருபது ஆண்டுகள் நீளக்கூடியது.

குருகிராமில் 2022 பிப்ரவரியில் மேல்தளங்கள் சரிந்து இரு பெண்கள் உயிரிழந்த குடியிருப்பின் கான்கிரீட்டில் தில்லி ஐஐடி நிபுணர்கள் கண்டது குளோரைடு. அது உள்ளிருக்கும் கம்பியை மெல்லத் துருவேற்றும். வெளியே பூச்சு பளபளக்கும். சாவியைக் கொடுக்குமுன் கான்கிரீட்டை வேறொருவர் சோதித்துச் சான்றளிப்பதைக் கட்டாயமாக்கி, பொறுப்புக் காலத்தையும் நீட்டிக்கும் திருத்தத்தை மத்திய அரசே நாடாளுமன்றத்தில் கொண்டுவர வேண்டும். முகர்ஜி நகரில் கட்டியது அதன் ஆணையம்தானே.