மூன்று கடதாசியிலும் ஒரே பெயர்

சேமலாப நிதிக்காகத் தொழில் அலுவலகத்துப் படி ஏறி இறங்கியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஐம்பது வயது முடிந்த ஒரு பெண் தொழிலாளி வருகிறார். முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். பிறப்புச் சான்றிதழில் அவர் பெயர் மாரியாயி. அடையாள அட்டையில் மாரியம்மா. சேமலாப நிதிக் கணக்கில் வெறும் மாரி. மூன்றும் ஒரே ஆள்தான். பெரட்டுக் களத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர், "அம்மா, இது வேற வேற பேரா இருக்கே" என்கிறார். அதன் பிறகு சத்தியக் கடதாசி, கிராம சேவகர் கடிதம், தோட்டத்துக் கடிதம் என்று அலைச்சல். பஸ் காசு போகிறது, அரைநாள் பேர் போகிறது, மாதங்களும் போகின்றன.

அவர் உழைப்பில் குறையில்லை. பணமும் தொலைந்துவிடவில்லை. மூன்று கடதாசியும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் பணம் நடுவழியில் நிற்கிறது.

நம் ஒவ்வொருவர் வாழ்க்கையிலும் இப்படி மூன்று கடதாசி உண்டு. முதலாவதில் நாம் மனதில் நம்புவது எழுதியிருக்கிறது. இரண்டாவதில் நாம் அடைய நினைப்பது. மூன்றாவதில் அன்றாடம் நாம் செய்வது. மூன்றிலும் ஒரே பெயர் இருந்தால் காரியம் நடக்கும். வேறு வேறு பெயர் இருந்தால், எத்தனை வருடம் உழைத்தாலும் நடுவழியில் நிற்கும். நம் பிள்ளைகளின் படிப்பு விடயத்தில் இந்த மூன்று கடதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி நம் அங்கத்தவர்களைக் கேட்கிறோம். அப்படிப் பார்க்கும்போது சங்கத்தையும் விட்டுவிடப் போவதில்லை.

இரண்டாவது கடதாசியில் என்ன இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த லயத்துக்குப் போய் எந்தத் தாயைக் கேட்டாலும், "நான் கூடை சுமந்தது போதும், என் பிள்ளை சுமக்கக் கூடாது" என்பார். அதில் பொய்யில்லை. அட்டைக் கடியிலும் மழையிலும் நின்று சொல்கிற வார்த்தை அது.

ஆனால் முதல் கடதாசி வேறு மாதிரி இருக்கிறது. பிள்ளை கணக்குப் பாடத்தில் குறைந்த புள்ளி எடுத்து வந்தால், "நம்ம புள்ளைக்கு எங்க கணக்கு வரப்போகுது" என்கிறோம். பக்கத்து வீட்டுப் பையன் சித்தியடையாவிட்டால், "படிச்சு என்ன, கடைசியில தோட்டம்தான்" என்கிறோம். வேடிக்கையாகச் சொல்வதுதான். ஆனால் அடுப்படியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் காதில் அது வேடிக்கையாக விழுவதில்லை. அம்மாவும் அப்பாவும் என்னை நம்பவில்லை என்றுதான் விழுகிறது. பிள்ளை பெரிய ஆளாக வேண்டும் என்று கோயிலில் கும்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து உன்னால் முடியாது என்று சொன்னால் அந்தப் பிள்ளை எதைக் கேட்கும்?

இந்த எண்ணம் நம் தலையில் தானாக முளைத்ததல்ல. இலங்கையில் இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டே வந்தது. அப்போது தோட்டப் பாடசாலைகள் அரசின் கையில் இல்லை. ஒரு மடுவமும் ஓர் ஆசிரியரும் இருந்தால் அதுவே பாடசாலை. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், அதற்குமேல் கூலிக்காரன் பிள்ளைக்கு எதற்கு என்றுதான் அன்றைய தோட்ட நிர்வாகங்கள் நினைத்தன. 1970களில்தான் அந்தப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. ஊரில் இருந்த பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் ஓட்டம் தொடங்கிய இடமே வேறு. பிந்தித் தொடங்கியவனைப் பார்த்து ஓடத் தெரியாதவன் என்று அவர்கள் சொன்னார்கள். அதை நாமும் நம்பிவிட்டோம். அதனால் இன்று அதை நம் வாயாலேயே பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இனி மூன்றாவது கடதாசி. அது நம் கையிலேயே இருக்கிறது. சம்பளத் துண்டுதான் அது.

அதில் உள்ள கழிவுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சேமலாப நிதி இருக்கிறது. தீபாவளி முற்பணம் இருக்கிறது. சங்கச் சந்தா இருக்கிறது. பல தோட்டங்களில் கோயில் பணமும், வேறு கடனும் இருக்கும். இதில் சேமலாப நிதியை மட்டும் யோசித்துப் பார்ப்போம். சட்டப்படி நம் சம்பளத்தில் 100 ரூபாவுக்கு 8 ரூபா நம்மிடமிருந்து போகிறது. நிர்வாகம் 12 ரூபா போட வேண்டும். அதைவிட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் 3 ரூபா கட்ட வேண்டும். வறுமையிலும் நோயிலும் எத்தனையோ கைச்செலவுகள் இருந்தும், கடைசியில் நம் பெயரில் ஒரு தொகை மிஞ்சுகிறது என்றால் அது இந்த வழியில்தான். ஏன் மிஞ்சுகிறது? கைக்கு வருவதற்கு முன்பே வெட்டப்படுவதால் மிஞ்சுகிறது. மாதக் கடைசியில் மீந்ததைப் போடலாம் என்று விட்டிருந்தால், முப்பது வருடத்தில் முப்பது ரூபாவும் சேர்ந்திருக்காது.

பிள்ளையின் படிப்புக்கு அந்தத் துண்டில் ஒரு வரி இல்லை. அதை மீந்த காசில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறோம். மீதி என்று ஒன்று நம்மிடம் எப்போது இருந்தது?

காசு மட்டுமல்ல, நாட்களும் அப்படித்தான். சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பெரிய பெண் பாடசாலைக்குப் போவதில்லை. கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கும் நாளில் ஒரு கை கூடுதலாகத் தேவைப்படுகிறது. விறகுக்கு ஒரு நாள், திருவிழாவுக்கு இரண்டு நாள். ஒவ்வொரு நாளுக்கும் நியாயமான காரணம் உண்டு. தவணை முடிந்து கூட்டிப் பார்த்தால், கணக்குப் பாடத்தில் அந்தப் பிள்ளைக்கு விளங்காமல் போன பகுதிகள் எல்லாம் அந்த நாட்களில் படிப்பித்தவையாக இருக்கும். பிறகு நாமே சொல்கிறோம், கணக்கு வரவில்லை என்று.

தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வரும் பையன்களையும் பார்க்கிறோம். கடை வேலைக்குப் போனவன் புதுச் சட்டையும் புதுப் போனுமாக வந்து இறங்குகிறான். அதைப் பார்த்து தரம் 10 படிக்கும் இன்னொரு பையன் புத்தகப் பையை மூலையில் போடுகிறான். கடை வேலை கேவலமான வேலை அல்ல. உழைத்துச் சாப்பிடுகிறவனை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். ஆனால் பதினைந்து வயதில் போகிறவன் இருபத்தைந்து வயதிலும் அதே மூட்டையைத்தான் தூக்குவான், அவன் கையில் வேறு தொழில் இல்லாவிட்டால். பெண் பிள்ளைகளை வீட்டு வேலைக்கு அனுப்பி, பிறகு பெட்டியில் திரும்பிப் பெற்றுக்கொண்ட துயரத்தையும் இந்த மலையகம் அறியும். 5 வயதிலிருந்து 16 வயது வரை பிள்ளை பாடசாலையில் இருக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். சட்டத்துக்குப் பயந்தல்ல, நம் இரண்டாவது கடதாசியில் நாமே எழுதியதற்கு மரியாதை கொடுத்து அதைக் காப்பாற்ற வேண்டும்.

"சம்பளத்தைக் கூட்டித் தராமல் எங்களுக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டீர்களா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேள்வி நியாயமானது. இன்றைய விலைவாசிக்கு நம் சம்பளம் போதாது. அந்தப் போராட்டத்தை நாங்கள் விடவில்லை, விடவும் மாட்டோம். ஆனால் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். சம்பளத்தைக் கூட வென்றது இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தபோதுதான்.

1984ஆம் ஆண்டை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதுவரை ஒரே மலையில், ஒரே மழையில் வேலை செய்தாலும் பெண்ணுக்குச் சம்பளம் குறைவு. பொம்பளைக்குக் குறைவுதான் என்பது துரைமாருடைய எண்ணம் மட்டுமல்ல. நம் ஆண்களும் அப்படித்தான் நினைத்தார்கள், பெண்களில் பலரும் அதை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். முதலில் அந்த எண்ணம் மாறியது. என் உழைப்பு அவர் உழைப்புக்குக் குறைந்ததல்ல என்று நம்பினார்கள். சம சம்பளம் என்று குறிக்கோள் வைத்தார்கள். பிறகு தோட்டம் தோட்டமாக வேலையை நிறுத்தி, அடுப்பு எரியாத நாட்களையும் தாங்கிக்கொண்டு நின்றார்கள். அந்த வேலைநிறுத்தத்தின் பலனாக ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது. நம்பிக்கை மட்டும் இருந்திருந்தால் அது வெறும் பெருமூச்சு. குறிக்கோள் மட்டும் இருந்திருந்தால் அது ஒரு மகஜர். மூன்றும் சேர்ந்ததால் அது சம்பளமாயிற்று.

இதே அளவுகோலைச் சங்கத்துக்கும் வைக்க வேண்டும். பெண்களே இந்தத் தொழிலின் முதுகெலும்பு என்று மேடையில் நாங்கள் பேசுகிறோம். அந்த மேடையில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? கமிட்டிக் கூட்டத்தை அவர்கள் மாலையில் சமைக்கும் நேரத்தில் வைத்துவிட்டு, பெண்கள் வருவதில்லை என்று குறைப்படுகிறோம். கல்வியே நம் விடிவு என்று தீர்மானம் போடுகிறோம். சாதாரண தரத்தில் சித்தியடைந்த பிள்ளைக்கு மாலை போட்டுப் படம் எடுக்கிறோம். சித்தியடையாத பிள்ளையின் வீட்டுக்கு அடுத்த வாரம் போயிருக்கிறோமா? மலையகப் பாடசாலைகளில் கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை எல்லோருக்கும் தெரிந்த விடயம். கொழுந்து நிறுவையில் ஒரு கிலோ குறைந்தால் மடுவத்திலேயே சத்தம் போடுகிற நாம், பாடசாலையில் ஒரு தவணை முழுவதும் கணக்குப் பாடம் நடக்காவிட்டால் வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு கடிதமாவது எழுதினோமா? இதில் நம் கடதாசியும் பொருந்தவில்லை. அதை ஒத்துக்கொள்கிறோம்.

என்ன செய்யலாம்? பெரிய காரியம் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த சம்பள நாளிலேயே, கடைக் கணக்குக் கட்டுவதற்கு முன், பிள்ளையின் பெயரில் உள்ள வங்கிப் புத்தகத்தில் ஒரு தொகையைப் போடுங்கள். 500 ரூபா என்று வைத்துக்கொள்வோம். தரம் 6இலிருந்து தரம் 11 வரை ஆறு வருடம், 72 மாதம். வட்டி இல்லாமலே 36,000 ரூபா. அதை வைத்து மாடி வீடு கட்ட முடியாது. ஆனால் உயர்தரத்துக்குப் பட்டணத்துப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டிய மாதத்தில், தோட்டை அடகு வைக்காமல் இருக்கலாம். 500 முடியாதவர்கள் 200 போடுங்கள். தொகையைவிட முதலில் போடுவதுதான் முக்கியம். தீபாவளி முற்பணம் வாங்கும்போதும் இதே மாதிரி யோசியுங்கள். அது போனஸ் அல்ல, வரப்போகும் மாதங்களின் நம் சொந்தச் சம்பளம். அதில் எவ்வளவு தேவை என்பதை வாங்குவதற்கு முன் வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பேசுங்கள்.

பிள்ளை போகாத நாட்களைக் கலண்டரில் வட்டமிடுங்கள். திட்டுவதற்கு அல்ல, தவணைக் கடைசியில் எண்ணிப் பார்ப்பதற்கு.

குறிக்கோளுக்குப் பெயர் வையுங்கள். 'பெரிய ஆளாக வேண்டும்' என்பது குறிக்கோளல்ல. ஆசிரியராக வேண்டுமா? பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கிறது. அதற்கு உயர்தரம் வேண்டும், உயர்தரத்துக்குச் சாதாரண தரம் வேண்டும். மின்சார வேலையோ, வாகனத் திருத்த வேலையோ படிக்க வேண்டுமா? தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களில் விசாரிக்கலாம். எந்த வாசல் என்று தெரிந்தால்தான் எந்தப் பாதையில் நடப்பது என்று தெரியும்.

கடைசியாக, உண்மையான கடதாசிகளையும் எடுத்துப் பாருங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் சரியாக இருக்கிறதா? சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும். உங்கள் சேமலாப நிதிக் கணக்கிலும் அடையாள அட்டையிலும் ஒரே பெயர்தானா? பிழை இருந்தால் இப்போதே திருத்துங்கள். சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள், விண்ணப்பம் நிரப்பித் தருகிறோம். நம் பங்குக்கு, இந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு தோட்டக் கமிட்டிக் கூட்டத்திலும் முதல் விடயமாகப் பாடசாலையை எடுக்க வேண்டும், கூட்ட நேரத்தைப் பெண்களைக் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறோம். எங்கள் பேச்சும் செயலும் பொருந்தவில்லை என்றால் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். சந்தா கட்டுகிறவர்களின் உரிமை அது.

முப்பது வருடம் உழைத்த அந்தப் பெண் தொழிலாளி தன் பெயரைத் தானே பிழையாக எழுதவில்லை. யாரோ எழுதினார்கள், அவர் வருடக்கணக்காக அலைந்தார். நம் பிள்ளைகளின் கடதாசியை எழுதும் பேனா இன்று நம் கையில் இருக்கிறது. மூன்றிலும் ஒரே பெயரை எழுதுவோம்.