தான்ஹோவாவின் வீரமங்கை



வியட்நாமின் தான்ஹோவா மாகாணத்தில், ஃபூதியென் கிராமத்தில் 'பா திரியூ' எனும் வீரமங்கைக்கு ஆலயம் உள்ளது. கி.பி. 248இல் சீனத்து வூ அரசை எதிர்த்துக் கிளர்ந்தவர். யானை மீதமர்ந்து போரிட்டதாக அந்நாட்டார் கூறுவர். மடிகையில் வயது 23க்கு மேலிராதாம்.  அவர் நினைவைப் போற்றிக் காத்தவர்கள் தோற்ற மக்கள்தாம்!

அங்கு செல்லும் முஸ்லிம் பயணி என் செய்வது? சிலர் அவ்வாசலையே மிதியார். அவர்தம் பேணுதலை மதிக்கிறேன். ஊதுவத்தி ஏற்றுவதும் சிரம் தாழ்த்துவதும் நமக்கில்லை. ஸஜ்தா அல்லாஹ் ஒருவனுக்கே. எனினும் முகஞ்சுளிக்காது, வரலாற்றைக் கேட்டறிந்து மரியாதையுடன் மீளலாம். பூமியில் பயணித்து முன்சென்றோரின் நிலையைக் காணத் திருமறையே தூண்டுகிறதன்றோ?

மீண்டதும் உங்கள் புதல்வியரிடம் கேளுங்கள்: உஹதுக் களத்தில் அண்ணலாரை (ஸல்) வாளேந்திக் காத்த உம்மு உமாரா (ரலி) யார் என்று.